கன்டீன் எண்ணெயில் பயோடீசல்: மலையகக் கம்பஸில் தொடங்குவோருக்கு

எண்ணெயை மெதனோலுடனும் காரத்துடனும் தாக்கமடையச் செய்தால் டீசல் எஞ்சினில் எரிக்கக்கூடிய பயோடீசல் கிடைக்கும், கூடவே கிளிசரினும் பிரியும். இதற்கான செய்முறை தேடினால் ஏராளமாகக் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை சோயா, கனோலா எண்ணெய்களை வைத்து, கடல்மட்டத்தை ஒட்டிய ஊர்களில் இருப்பவர்கள் எழுதியவை. நம் கன்டீன் தாச்சியில் இருப்பது தேங்காய் எண்ணெய் அல்லது பாம் எண்ணெய். அநேகமாக இரண்டும் கலந்தது. நாம் இருப்பதோ மலையில். இந்த இரண்டையும் கணக்கில் எடுக்காமல் அந்தச் செய்முறைகளை அப்படியே பின்பற்றினால் மெதனோல் போதாமல் போகும், குழாயில் கிளிசரின் உறையும், குளிர்காலையில் வடிகட்டி அடைக்கும்.

இறுதியாண்டு ஆய்வுக்காக நான் இதில் இறங்கினேன். ஆய்வுகூட வேலையைவிடக் கடிதங்களுக்கும் கொள்வனவுக்கும் காத்திருந்த காலமே அதிகம். உங்களுக்கு அந்தக் காலம் வீணாகக் கூடாது என்பதற்காக, எதை எப்போது தொடங்க வேண்டுமோ அந்த வரிசையில் எழுதுகிறேன். உயர்தர இரசாயனவியல் அளவு அறிவு போதும். பொறுமையும், மெதனோல் மீது பயமும் கட்டாயம் வேண்டும்.

1. எந்த எஞ்சினுக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"செய்து பார்ப்போம், பிறகு யாராவது பாவிப்பார்கள்" என்று தொடங்கினால் பரல் பரலாக எரிபொருள் தேங்கும். பயோடீசல் பல ஆண்டு வைத்திருக்கும் பொருள் அல்ல. ஆறு மாதத்துக்குள் பாவித்துவிடுவது நல்லது.

கம்பஸில் இதற்குப் பொருத்தமானவை பழைய வகை எளிய டீசல் எஞ்சின்கள். பண்ணையில் இருக்கும் லேண்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்), நீர் இறைக்கும் டீசல் பம்பு, சிறிய ஜெனரேட்டர் ஆகியவை. புதிய கொமன் ரெயில் எஞ்சின் (மிக உயர்ந்த அழுத்தத்தில் எரிபொருளைத் தெளிக்கும் வகை) உள்ள வாகனங்களை விட்டுவிடுங்கள். அவற்றின் இன்ஜெக்டர் ஒன்று பழுதானால் உங்கள் முழு ஆய்வுச் செலவைவிடக் கூடுதலாகும், உத்தரவாதமும் போய்விடும். கம்பஸ் பஸ்ஸில் ஊற்றலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். மாணவர்கள் ஏறும் வாகனத்தில் பரிசோதனை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஆரம்பத்தில் 20 வீதம் பயோடீசல், 80 வீதம் சாதாரண டீசல் என்ற கலவைக்கு மேல் போகாதீர்கள். இதைத்தான் பீ20 என்பார்கள். இந்த அளவில் எஞ்சினில் மாற்றம் எதுவும் தேவைப்படுவதில்லை.

காசு வாங்கிக்கொண்டு யாருக்கும் கொடுக்க வேண்டாம். எரிபொருள் விற்பனை உரிமம் உள்ளவர்களுக்கான வேலை. உங்களுடையது ஆய்வு, கடிதங்களிலும் அப்படியே எழுதுங்கள்.

2. கடிதங்கள்: மெதனோலில் தொடங்குங்கள்

பலர் முதலில் எண்ணெய் சேர்க்கத் தொடங்குவார்கள். எண்ணெய் ஒரு வாரத்தில் கிடைத்துவிடும். மெதனோலுக்கு ஒரு தவணையே போய்விடலாம். அதற்குள் வாளியில் இருக்கும் எண்ணெய் புளித்து அமிலம் கூடிவிடும். ஆகவே கொள்வனவுக் கோரிக்கைதான் முதல் வேலை.

அதற்கும் முன்னால் இரண்டு பக்கத் திட்டக் குறிப்பு ஒன்றைத் தயார் செய்யுங்கள். எல்லாக் கடிதத்துடனும் இதையே இணைக்கலாம். அதில் இருக்க வேண்டியவை: ஒரு தடவையில் எவ்வளவு எண்ணெய், ஒரே நேரத்தில் எவ்வளவு மெதனோல் களஞ்சியத்தில் இருக்கும், எந்த இடத்தில், சாவி யாரிடம், கழிவு எங்கே போகும், தீ பிடித்தால் என்ன செய்வீர்கள். கடைசி இரண்டுக்கும் பதில் இல்லாத குறிப்புதான் திரும்பித் திரும்பி வரும். கழிவைப் பற்றி ஒரு பந்தி தெளிவாக எழுதியிருந்தால் கையெழுத்து வேகமாக விழும்.

பிறகு கடிதங்கள். மேற்பார்வை செய்யும் விரிவுரையாளரின் பரிந்துரை, துறைத் தலைவரின் அனுமதி, தேவைப்பட்டால் பீடாதிபதியின் அனுமதி. வேலை செய்யும் இடத்துக்குப் பொறுப்பான தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கடிதம் எழுதுவதற்கு முன்பே நேரில் போய்ப் பாருங்கள். அவர் சம்மதித்தால் பாதி வேலை முடிந்தது. அவருக்குத் தெரியாமல் மேலிருந்து அனுமதி வாங்கி வந்தால் எந்தக் கதவும் இலகுவில் திறக்காது. எஞ்சின் யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ, அந்தப் பண்ணை முகாமையாளரிடமோ போக்குவரத்துப் பிரிவிலோ எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

கன்டீன் பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். பழைய எண்ணெய் குத்தகை முதலாளியின் சொத்து, கம்பஸின் சொத்து அல்ல. "எடுத்துக்கொண்டு போங்க தம்பி" என்று வாய்வார்த்தையில் சொல்வார். பிறகு காசு கொடுத்து வாங்க ஒருவர் வந்ததும் எண்ணெய் அவரிடம் போய்விடும். ஆகவே அவருக்கு வாசிக்க வசதியான மொழியில், சிங்களத்திலோ தமிழிலோ, ஒரு பக்க இணக்கக் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கிழமைக்கு எத்தனை லீற்றர், எந்த நாள், கேன் யார் தருவது, விலை உண்டா என்பன அதில் இருக்கட்டும். விலை கேட்டால் கொடுங்கள். பொரித்துப் பொரித்துக் கறுத்த எண்ணெய் இன்னொரு வடைக் கடைக்குப் போகாமல் நிற்பதே ஒரு பயன்.

கொள்வனவில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. கோரிக்கைப் படிவத்தில் வெறுமனே "மெதனோல்" என்று எழுதினால், வழங்குநர்கள் எச்பிஎல்சி தரத்துக்கோ (பகுப்பாய்வுக் கருவிகளுக்கான மிகத் தூய தரம்) பகுப்பாய்வுத் தரத்துக்கோ விலை போட்டு அனுப்புவார்கள். இரண்டரை லீற்றர் கண்ணாடிப் போத்தலில் வரும் அது பல மடங்கு விலை. உங்களுக்குத் தேவை கைத்தொழில் தர மெதனோல், தூய்மை 99 வீதத்துக்குக் குறையாதது, நீர் கலவாதது. அந்த வரியை அப்படியே எழுதுங்கள். பாதுகாப்புத் தரவுத் தாளும் சேர்த்துத் தர வேண்டும் என்று கேளுங்கள். பொதுவாக மூன்று விலைமனு கேட்பார்கள். விலைமனு எத்தனை நாள் செல்லுபடியாகும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பு மேசையில் கிடக்கும்போதே அது காலாவதியாகி, எல்லாம் முதலிலிருந்து தொடங்குவது சாதாரணமாக நடக்கும்.

அரச நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. நவம்பரில் கொடுக்கும் கோரிக்கை அடுத்த ஆண்டின் பணத்துக்குத் தள்ளப்படலாம். பெப்ரவரி, மார்ச்சில் கொடுப்பது நல்லது. விடுமுறைகளையும் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தங்களையும் மனதில் வைத்து, ஆய்வுக்கு என்று கணக்குப்போட்ட காலத்தோடு இரண்டு மாதத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

3. எண்ணெய் சேர்த்தல்

இறுக்க மூடியுள்ள 20 லீற்றர் கேன் சில வேண்டும். கழுவிய கேன் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். நீர்தான் இந்த வேலையின் முதல் எதிரி. கன்டீன் பின்புறத்தில் திறந்த வாளியில் எண்ணெய் இருந்தால், மழைக் காலத்தில் பாதி தண்ணீராக இருக்கும், அதை எடுக்காதீர்கள்.

தாச்சியின் அடி எண்ணெயில் மாவும் தூளும் நிறைய. ரோல்ஸ், கட்லட் பொரித்த எண்ணெயில் பாண் தூள், உளுந்து வடை பொரித்ததில் ஈரம். இறைச்சி பொரித்த எண்ணெயைத் தனியாக வையுங்கள். கையில் எடுக்கும்போது எண்ணெய் கொஞ்சம் சூடாக இருந்தால் துணியில் இலகுவாக வடியும். ஒவ்வொரு கேனிலும் திகதி, எந்தக் கடை, என்ன பொரித்தது என்று எழுதி ஒட்டுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

4. உங்கள் எண்ணெய் என்ன எண்ணெய்?

இங்கேதான் மலையகக் கணக்கு வேறாகிறது. நுவரெலியாவில் இருப்பவர்களுக்குத் தெரியும், தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் காலையில் வெள்ளையாக உறைந்திருக்கும். தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவிலேயே உறையத் தொடங்கும். கடையில் விற்கும் பாம் எண்ணெய் அதைவிட நன்றாகக் குளிர்ந்தால்தான் மங்கும். ஆகவே வடிகட்டிய எண்ணெயில் ஒரு குவளையை 18 அல்லது 20 பாகையில் சில மணிநேரம் வையுங்கள். கெட்டியாக உறைந்தால் தேங்காய் எண்ணெய். திரவமாகவே இருந்தால் பாம். பாதி வெள்ளையாகப் படிந்து மேலே தெளிவாக நின்றால் கலவை. முதலாளியிடம் கேட்டாலும் சொல்வார். ஆனால் விலையைப் பொறுத்து அவர் வாங்கும் எண்ணெய் மாதத்துக்கு மாதம் மாறும். ஒவ்வொரு தடவையும் நீங்களே பாருங்கள்.

இது ஏன் முக்கியம்? தேங்காய் எண்ணெயின் மூலக்கூறுகள் சிறியவை. ஒரு லீற்றரில் அவற்றின் எண்ணிக்கை கூடுதல், அதனால் தாக்கமடைய வேண்டிய மெதனோலும் கூடுதல். பாம் எண்ணெய்க்கு லீற்றருக்கு 220 மில்லிலீற்றர் மெதனோல் போதும். தேங்காய் எண்ணெய்க்கு 280 மில்லிலீற்றர் வேண்டும். கலவை என்றால் 250. பொதுவான செய்முறைகளில் சொல்லும் 200 மில்லிலீற்றரைத் தேங்காய் எண்ணெயில் ஊற்றினால் பாதி வழியில் தாக்கம் நின்றுவிடும்.

அடுத்து நீர்ச் சோதனை. சிறிய சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயைச் சூடாக்குங்கள். படபடவென்று சத்தம் வந்தால் நீர் இருக்கிறது. முழு எண்ணெயையும் 60 பாகைக்குச் சூடாக்கி இரவு முழுக்கப் படியவிட்டு, அடியில் உள்ளதை வடித்துவிடுங்கள். பிறகு மெதுவாக 110 பாகை வரை ஏற்றி, குமிழி அடங்கும் வரை வையுங்கள். அடியில் நீர் இருக்கும்போது வேகமாகச் சூடாக்கினால் கொதியெண்ணெய் பொங்கித் தெறிக்கும். படியவிடும் கட்டத்தைத் தவிர்க்கவே கூடாது.

பிறகு நியமிப்பு. எண்ணெயில் எவ்வளவு சுயாதீன கொழுப்பமிலம் சேர்ந்திருக்கிறது என்று இது காட்டும். ஒரு லீற்றர் காய்ச்சி வடித்த நீரில் ஒரு கிராம் பொற்றாசியம் ஐதரொட்சைட்டைக் கரையுங்கள். முகவையில் 10 மில்லிலீற்றர் ஐசோபுரோப்பைல் அற்ககோல், அதில் சரியாக ஒரு மில்லிலீற்றர் எண்ணெய், இரண்டு துளி பினோப்தலீன். அளவியிலிருந்து காரக் கரைசலைத் துளித்துளியாக விடுங்கள். இளஞ்சிவப்பு நிறம் 20 விநாடியாவது நிலைத்து நிற்கும் புள்ளியில் எத்தனை மில்லிலீற்றர் போயிருக்கிறது என்று குறியுங்கள். மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள்.

அந்த எண் 3 என்றால் லீற்றர் ஒன்றுக்கு 3 கிராம் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு கூடுதலாக வேண்டும் என்று பொருள். 6ஐத் தாண்டினால் அந்த எண்ணெயைத் தனியாகப் பாவிக்காதீர்கள், பயோடீசலுக்குப் பதில் சவர்க்காரம்தான் கிடைக்கும். நல்ல எண்ணெயுடன் கலந்து எண்ணைக் குறையுங்கள். கந்தக அமிலம் இட்டு இரண்டு கட்டமாகச் செய்யும் முறை உண்டு. புதியவர்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

5. மெதனோல்: இந்தப் பகுதியை இரண்டு தடவை வாசியுங்கள்

மெதனோல் சாராயம் மாதிரி மணக்கும். 10 மில்லிலீற்றர் அளவு உள்ளே போனாலே பார்வை போகலாம். அதற்குச் சற்று மேலே உயிரே போகலாம். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் சேரும். விடுதி நிறைந்த கம்பஸில் மணத்தை நம்பி யாராவது குடித்துவிடும் ஆபத்து உண்மையானது. ஆகவே பூட்டுள்ள அலுமாரி, ஒரே ஒரு சாவி, எடுத்த அளவை எழுதும் பதிவேடு, கலனில் "நஞ்சு" என்று சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பெரிய எழுத்து. தண்ணீர்ப் போத்தலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். யாராவது குடித்துவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரி. "மெதனோல்" என்ற சொல்லை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே போனால் மாற்றுமருந்து உண்டு.

அது 11 பாகையிலேயே தீப்பற்றும் ஆவியை விடும். அதன் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கேஸ் அடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு, சிகரெட், பொறி பறக்கும் துளைகருவி எதுவும் அருகில் கூடாது. சூடாக்குவதற்கு மூடிய மின் வெப்பமாக்கி. உலர் தூள் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில், ஆனால் உங்களுக்கும் வாசலுக்கும் இடையில். இரு பக்கமும் காற்றோடும் கூரையுள்ள திறந்த இடம் மிக நல்லது. கன்டீன் பின்புறம் வேண்டாம், அங்கே கேஸ் சிலிண்டர் இருக்கும். விடுதி அறையை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

முகக்கவசம் அணிந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். சாதாரணக் கவசம் மெதனோல் ஆவியைத் தடுக்காது. காற்றோட்டம் மட்டுமே காக்கும். கண்ணாடி, நீண்ட கையுறை, மூடிய சப்பாத்து கட்டாயம். காரம் கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். வினாகிரி எதுவும் கண்ணில் விடாதீர்கள். தனியாக வேலை செய்யாதீர்கள்.

6. ஒரு லீற்றர், அதற்குப் பிறகு 20 லீற்றர்

காரத்தில் சோடியமா பொற்றாசியமா என்று கேட்பார்கள். சோடியம் ஐதரொட்சைட்டு மலிவு. ஆனால் அதிலிருந்து வரும் கிளிசரின் குளிரில் கட்டியாகிவிடும், வால்வும் குழாயும் அடைத்துக்கொள்ளும். பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் வரும் கிளிசரின் திரவமாகவே ஓடும். பின்னால் பசளைக்கும் உதவும். மலையகத்தில் பொற்றாசியம்தான் என் தெரிவு.

அளவு: 90 வீதத் தூய்மையுள்ள பொற்றாசியம் ஐதரொட்சைட்டு என்றால் லீற்றர் எண்ணெய்க்கு 5.4 கிராம் அடிப்படை. அதோடு நியமிப்பில் வந்த எண்ணைக் கூட்டுங்கள். 3 வந்திருந்தால் 8.4 கிராம். இது காற்றிலுள்ள ஈரத்தையும் காபனீரொட்சைட்டையும் வேகமாக இழுக்கும். மூடுபனி வரும் ஊர்களில் போத்தலை ஒரு நிமிடம் திறந்து வைத்தாலே துகள்கள் வியர்க்கும். மூடியைத் திறந்து, நிறுத்து, உடனே மூடுங்கள்.

காரத்தை மெதனோலில் சிறிது சிறிதாக இட்டு முழுதாகக் கரையும் வரை கலக்குங்கள். கலன் சூடாகும், பயப்பட வேண்டாம்; அவசரமும் வேண்டாம். கலன் எச்டிபிஈ வகைப் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருக்கும். அலுமினியம் எங்கேயும் கூடாது. காரம் அதை அரித்து ஐதரசன் வாயுவை வெளியேற்றும். சமையல் பாத்திரங்களில் பல அலுமினியம், ஆகவே குசினியிலிருந்து எதையும் இரவல் வாங்காதீர்கள். துருவேறாத உருக்கு நல்லது. பித்தளை வால்வுகளும் செம்புக் குழாயும் வேண்டாம்.

இனி வெப்பநிலை. கடல்மட்டத்தில் மெதனோல் 64.7 பாகையில் கொதிக்கும். உயரம் கூடக் காற்றழுத்தம் குறையும், கொதிநிலையும் இறங்கும். 500 மீற்றர் அளவு உயரத்தில் உள்ள கண்டி, பேராதனைப் பக்கத்தில் அது 63 பாகைக்கு அருகில். 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 59 பாகை. 60 பாகையில் வையுங்கள் என்ற செய்முறையை நுவரெலியாவில் பின்பற்றினால் மெதனோல் கொதித்து ஆவியாகிவிடும். தாக்கம் குறையும், அறையில் தீப்பற்றும் ஆவி நிறையும். பேராதனை, பதுளைப் பக்கம் 55 பாகை. பண்டாரவளைக்கு மேலே 50 பாகை. வெப்பம் குறைந்ததற்கு ஈடாக நேரத்தைக் கூட்டுங்கள்: ஒரு மணிநேரத்துக்குப் பதில் ஒன்றரை முதல் இரண்டு மணிநேரம்.

எண்ணெயை அந்த வெப்பத்துக்குக் கொண்டுவந்து, வெப்பமாக்கியை நிறுத்திவிட்டு, மெதனோல் கலவையை மெதுவாக ஊற்றிக் கலக்கத் தொடங்குங்கள். மூடியில் சிறு துவாரம் வழியாக அழுத்தம் வெளியேற வழி இருக்க வேண்டும், ஆவி உங்கள் முகத்துக்கு வராத திசையில்.

ஒரு லீற்றர் மூன்று தடவை நன்றாக வந்த பிறகே 20 லீற்றருக்குப் போங்கள். ஒரு லீற்றரில் கெட்டுப்போனால் ஒரு போத்தல் சவர்க்காரக் குழம்பு மிஞ்சும். 20 லீற்றரில் கெட்டால் அதைப் போட இடமே கிடைக்காது.

7. படியவிடல், கழுவல், உலர்த்தல்

கலக்கி முடிந்ததும் ஒரு மணிநேரத்திலேயே அடியில் கடும் தவிட்டு நிறக் கிளிசரின் பிரியத் தொடங்கும். இரவு முழுக்க விடுங்கள். குளிர் இடத்தில் கலனைச் சாக்கால் நன்றாகச் சுற்றிவையுங்கள். சூடு இருக்கும்வரைதான் கிளிசரின் ஒழுங்காக இறங்கும். காலையில் அதை அடியிலிருந்து வடித்துவிடுங்கள்; மேலே மிஞ்சுவதுதான் பயோடீசல். அதிலுள்ள சவர்க்காரம், காரம், மெதனோல் போக நீரால் கழுவ வேண்டும்.

முதல் கழுவலில் குலுக்கவே கூடாது. இளஞ்சூட்டு நீர், பயோடீசலின் மூன்றிலொரு பங்கு, மேலிருந்து மழைத் தூறலாக விழட்டும். குலுக்கினால் சவர்க்காரம் நுரைத்து முழுவதும் பால் போலாகிவிடும். அப்படி ஆகிவிட்டால் இளஞ்சூட்டு உப்பு நீர் விட்டு, அசைக்காமல் ஒரு நாள் வையுங்கள். அடுத்தடுத்த கழுவல்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கலாம். கழுவிய நீர் தெளிவாக வரும்வரை மூன்று நான்கு தடவை.

உலர்த்துவதற்கு 50 பாகையில் திறந்த அகன்ற பாத்திரத்தில் வைத்துக் காற்று விடுங்கள். மங்கல் போய், போத்தலின் பின்னால் வைத்த அச்செழுத்தை வாசிக்க முடிந்தால் உலர்ந்துவிட்டது. மழை நாளில் இது நடக்காது. ஈரக் காற்றிலிருந்து நீர் திரும்பச் சேரும். வெயில் நாளைப் பார்த்துச் செய்யுங்கள்.

8. எஞ்சினில் ஊற்றுமுன் சோதனை

மிக எளியது, மிகப் பயனுள்ளது: 27 மில்லிலீற்றர் மெதனோலில் 3 மில்லிலீற்றர் பயோடீசலை விட்டுக் குலுக்குங்கள். இரண்டும் 20 பாகைக்கு மேல் இருக்க வேண்டும். குளிர் காலையில் அப்படியே செய்தால் நல்ல பயோடீசலும் கெட்டது போல் தெரியும், ஆகவே இளஞ்சூட்டு நீரில் போத்தல்களை வைத்துவிட்டுச் செய்யுங்கள். முழுதாகக் கரைந்தால் சரி. அடியில் எண்ணெய்த் துளி படிந்தால் தாக்கம் முடியவில்லை. கொஞ்சம் மெதனோலும் காரமும் சேர்த்து மீண்டும் செய்ய வேண்டும்.

இரண்டாவது, சம அளவு நீருடன் குலுக்கி வையுங்கள். அரைமணிக்குள் தெளிவாகப் பிரிய வேண்டும், இடையில் வெள்ளைப் படை நிற்கக் கூடாது. நீர்மானி இருந்தால் அடர்த்தியையும் பாருங்கள்; ஐரோப்பிய நியமமான ஈஎன் 14214, 15 பாகையில் கன மீற்றருக்கு 860 முதல் 900 கிலோகிராம் என்று வரையறுக்கிறது.

9. கழிவு

பேராதனைப் பக்கம் வடிகாலில் விடுவது மகாவலியில் சேரும். அதன் கீழே கெட்டம்பேயில் கண்டி நகருக்குக் குடிநீர் எடுக்கிறார்கள். மேலே தேயிலைத் தோட்டப் பக்கம் என்றால், கீழே லயத்து மக்கள் பாவிக்கும் பீலித் தண்ணீர். எவ்வளவு சிறிய அளவானாலும் வடிகாலில் ஊற்றக் கூடாது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டமும் இதற்கு இடம் தரவில்லை.

கழுவிய நீரில் காரமும் சவர்க்காரமும் கொஞ்சம் மெதனோலும் உண்டு. ஒரு பெரிய பரலில் சேர்த்து, வினாகிரியோ சித்திரிக் அமிலமோ விட்டு பிஎச் பெறுமானம் 7க்கு அருகில் வரும்வரை நடுநிலையாக்குங்கள். மேலே மிதக்கும் எண்ணெய்ப் படையை எடுத்து, மீதியை ஆய்வுகூடக் கழிவு முறையிலேயே கொடுங்கள். 20 லீற்றர் எண்ணெய்க்கு அதே அளவாவது கழிவுநீர் வரும் என்று கணக்குப்போட்டுப் பரல் வாங்குங்கள்.

கிளிசரினில் மெதனோல் நிறைய இருக்கும். மூடி, பூட்டி, மெதனோல் போலவே நடத்துங்கள். கையில் தேய்க்கும் சவர்க்காரம் செய்யலாம் என்று யாராவது கேட்டால், மெதனோல் நீக்காமல் கொடுக்காதீர்கள். விவசாய பீடம் உள்ள கம்பஸ் என்றால் அவர்களுடன் பேசுங்கள். மெதனோல் நீக்கி நடுநிலையாக்கிய பொற்றாசியக் கிளிசரினைக் கூட்டெருவில் அளவோடு சேர்க்கலாம்.

10. செலவுக் கணக்கு

விலைகள் மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே கணக்கைத்தான் தருகிறேன். 20 லீற்றர் கலவை எண்ணெய்க்கு மெதனோல் 5 லீற்றர், பொற்றாசியம் ஐதரொட்சைட்டு 170 கிராம், மின்சாரம் இரண்டு மூன்று அலகு. கையில் வருவது 17 அல்லது 18 லீற்றர்.

உதாரணத்துக்கு மட்டும்: மெதனோல் லீற்றர் 700 ரூபாய், காரம் கிலோ 2,000 ரூபாய், பழைய எண்ணெய் லீற்றர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மெதனோல் 3,500, காரம் 340, எண்ணெய் 2,000, மின்சாரமும் துணியும் 200. மொத்தம் 6,040. இதை 17.5ஆல் வகுத்தால் லீற்றர் 345 ரூபாய். எண்ணெய் இலவசமாகக் கிடைத்தால் 231 ரூபாய். உங்கள் விலைமனுவிலுள்ள எண்களைப் போட்டு, அன்றைய டீசல் விலையுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். செலவில் பாதிக்கு மேல் மெதனோல்தான் என்பது உடனே தெரியும். எச்பிஎல்சி தரத்தில் வாங்கினால் கணக்கு எந்தக் காலத்திலும் ஒட்டாது. ஒப்பிடும்போது இன்னொன்று: பயோடீசல் லீற்றரில் சக்தி டீசலைவிட ஏறத்தாழ 8 அல்லது 9 வீதம் குறைவு.

கையுறை, கண்ணாடி, தீயணைப்பான், கலன்கள் ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவற்றைத் தனிப் பாதீட்டில் போடுங்கள். பணம் போதவில்லை என்றால் கலனைச் சிறிதாக்குங்கள்; தீயணைப்பானை வெட்டாதீர்கள்.

11. எஞ்சினில்

பாம் எண்ணெயில் செய்த பயோடீசல் 10 பாகைக்கு மேலேயே மங்கத் தொடங்கிவிடும். நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பக்கம் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் தொட்டியிலேயே மெழுகாகிவிடும். தேங்காய் எண்ணெயில் செய்தது சுழியம் பாகைக்கு அருகில் வரை திரவமாக நிற்கும். எண்ணெயாக இருக்கும்போது முதலில் உறைவது தேங்காய், எரிபொருளான பின் நன்றாகத் தாங்குவதும் தேங்காய். ஆகவே குளிர் மாதங்களுக்குத் தேங்காய் எண்ணெய்த் தொகுதியை ஒதுக்கி வையுங்கள். பாம் எண்ணெயில் செய்ததை வெயில் மாதங்களில் முடித்துவிடுங்கள். எது எதில் செய்தது என்று கேனில் எழுதுங்கள்.

கலவை செய்த பிறகு ஒரு சிறு போத்தலை இரவு வெளியே வைத்துக் காலையில் பாருங்கள். மங்கியிருந்தால் டீசல் பங்கைக் கூட்டுங்கள்.

பழைய எஞ்சினின் தொட்டியில் ஆண்டுக்கணக்கில் படிந்திருக்கும் அழுக்கை பயோடீசல் கரைத்து எடுத்துவரும். முதல் தொட்டி முடிந்ததும் எரிபொருள் வடிகட்டியை மாற்றுங்கள், மாற்று வடிகட்டி ஒன்றைக் கையிலேயே வைத்திருங்கள். இறப்பர்க் குழாய்கள் மென்மையாகி வீங்குகின்றனவா என்று ஒவ்வொரு கிழமையும் விரலால் அழுத்திப் பாருங்கள். வீங்கினால் விட்டன் (பயோடீசலைத் தாங்கும் செயற்கை இறப்பர்) வகைக் குழாய் போட வேண்டும். எஞ்சின் ஓடிய மணிநேரம், ஊற்றிய அளவு, புகை, வடிகட்டி மாற்றிய திகதி ஆகியவற்றை லேண்ட்மாஸ்டர் ஓட்டும் அண்ணனிடமே ஒரு கொப்பி கொடுத்து எழுதச் சொல்லுங்கள். எஞ்சின் சத்தத்தில் வரும் மாற்றத்தை முதலில் கவனிப்பவர் அவர்தான்.